முகத்துவாரம் யாரையும் பெயர் கேட்பதில்லை

அண்ணி,

பக்கத்து வீட்டுப் படகுக்கு ரெசின் பூசுகிறார்கள். டப்பாவில் கலக்க ஆரம்பித்ததுமே அந்த வாடை சுவர் தாண்டி வந்து என் தொண்டையில் உட்கார்ந்துவிட்டது. எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன். சாத்தியும் பயனில்லை. மரப்படகு எரிந்தால் அடுப்பு வாடைதான் வரும். ஃபைபர் படகு எரியும்போது இந்த வாடை வருகிறது, கறுப்பாக, எண்ணெய் போல, துப்பினாலும் போகாமல். நீ விழுந்த அன்று கரை முழுவதும் இதுதான்.

உன்னை அடித்துக் கொன்றது நீ வாழ வந்த ஊர். உனக்காகப் பழி வாங்க வந்தது நீ பிறந்த ஊர். அவர்கள் வந்து முதலில் கொளுத்தியது உன் வீட்டுக்காரரின் படகை. இதை உன்னிடம் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். உயிரோடு இருந்திருந்தால் நீ சிரித்திருப்பாய், அப்புறம் அவர்களைச் செருப்பால் அடித்திருப்பாய்.

எனக்கு வாய் வராது என்பது உனக்குத் தெரியும். ஒன்பதாம் வகுப்போடு நான் நின்றதற்குக் காசு காரணம் இல்லை, நைனாவும் காரணம் இல்லை. எழுந்து நின்று வாசி என்று சொல்வதைத் தாங்க முடியாமல் நானாக நின்றேன். உன்னிடமும் அப்படித்தான். தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் நீ லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பாய். இந்தப் பக்கம் நான் போனில் எழுதி உனக்கு அனுப்புவேன். அங்கிருந்து நீ கத்துவாய்.

"வாயில இன்னாடி, வலைய வச்சு அடச்சிக்கினியா? எழுந்து வந்து சொல்லு."

நான் இன்னொரு செய்தி அனுப்புவேன்.

எதிர்க்கரைக் குப்பத்திலிருந்து நீ எங்கள் வீட்டுக்கு வந்தது இரண்டு ஊருக்கும் சண்டை இல்லாத ஒரு வருஷத்தில். பாலிடெக்னிக் முடித்தவள், அனுப்பம்பட்டில் ரயிலேறிச் சென்னைக்கு வேலைக்குப் போகிறவள் என்று பெண்கள் கூடிக் கூடிப் பார்த்தார்கள். வந்த மாதமே டிபன் பாக்ஸ் நசுங்கிப்போய் வீட்டுக்கு வந்தாய். ரயிலில் உரசிக்கொண்டே வந்தவனின் முகத்தில் அடித்திருந்தாய். மூடியில் ரத்தம் காய்ந்திருந்தது.

"நீ பொண்ணா, ரௌடியா?" என்றாள் அம்மா.

"ரெண்டுந்தான் அத்த. கொழம்பு ஊத்து, பசிக்குது."

அண்ணன் அன்று சுவரைப் பார்த்துத் திரும்பிச் சிரித்தான். அவனும் என்னைப் போலத்தான், அதிகம் பேசமாட்டான். எங்கள் வீட்டில் பேச்சு என்பதே நீ வந்த பிறகுதான் வந்தது.

முகத்துவாரம் என்ற நம் வெப்சைட்டைக் கட்ட வேண்டும் என்று உனக்குத் தோன்றிய காலையும் அடிதடியில்தான் தொடங்கியது. ஊர் போன் குரூப்பில் ஒரு மீன்காரம்மா, ஏலத்தில் பெண்களுக்குக் கடைசிக் கூடைதான் வருகிறது, அதுவும் நசுங்கியது என்று ஒரே ஒரு வரி போட்டாள். ஊர்த் தலைவரின் மகன் சேகர்தான் குரூப்பை நடத்துகிறவன். அவளை வெளியே தூக்கிப் போட்டான். மறுநாள் கரையில் அவள் கூடையை அவன் ஆட்கள் உதைத்துக் கவிழ்த்தார்கள். பொறுக்கப் போனவளின் மணிக்கட்டை ஒருவன் மிதித்தான். எலும்பு நொறுங்கிய சத்தம் எனக்குக் கேட்டது. நீ வேலைக்குப் போகாமல் அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாய். திரும்பி வந்து என் முன்னால் உட்கார்ந்தாய்.

"நம்மளுக்குனு ஒண்ணு கட்டலாம்டி. யாருனா எழுதலாம். எவனும் எவளையும் தூக்கி வெளிய போட முடியாத மாதிரி. அதோட புரோகிராம் கோடையும் தெறந்து வச்சிருவோம். எந்தக் குப்பத்துக்காரன் வேணாலும் எடுத்துக்கினு போய் அவன் ஊர்ல வச்சிக்கட்டும்."

உன் கம்பெனித் தோழி போனில் சொன்னாள், இதற்கெல்லாம் சாஃப்ட்வேர் தயாராகவே இருக்கிறது, எடுத்துப் போட்டால் ஒரே நாளில் முடியும் என்று. போட்டுப் பார்த்தோம். அண்ணன் போனில் அது சுற்றிக்கொண்டே இருந்தது. படகில் சிக்னல் ஒரு கோடு இருந்தால் அதிகம். அந்தப் பக்கத்தில் எழுத்து வருவதற்குள் வலையை இழுத்துவிட்டு வந்துவிடலாம் என்றான் அவன். ஆகவே நாமே கட்டுவது என்று முடிவானது. நீ கட்டுகிறவள். நான் உடைக்கிறவள்.

அந்த வேலை எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது தெரியுமா? பேச வேண்டியதில்லை. ஆறு போனில் ஒரே பக்கத்தைத் திறந்தேன். பெயர் கேட்கிற இடத்தில் கெட்ட வார்த்தை போட்டேன். ஒரே பதிவில் பஞ்சாங்கம் முழுவதையும் ஒட்டினேன். நீ சேமிக்கும்போது பார்த்து மின்சார வயரைப் பிடுங்கினேன். எங்கள் ஊரில் கரண்ட் அப்படித்தானே போகும். ஒவ்வொரு தடவையும் உன் டேட்டாபேஸ் செத்தது. எழுதியது அத்தனையும் அதோடு போனது.

"கொலகாரி, மறுபடியும் சாவடிச்சிட்டியே."

டேட்டாபேஸ் வேண்டாம், ஒரு பதிவுக்கு ஒரு ஃபைல், வெறும் எழுத்து, ஒன்று கெட்டால் ஒன்றுதான் கெடும் என்று எழுதி அனுப்பினேன். படித்த உனக்கு அது கேவலமாக இருந்தது. வெப்சைட் என்றால் டேட்டாபேஸ் இருக்கும், உப்பு போடாமல் குழம்பு வைப்பாயா என்றாய். நான் வயரைப் பிடுங்கினேன். நீ கையில் இருந்த சொம்பை விட்டெறிந்தாய். என் நெற்றி பிளந்தது. ரத்தம் கண்ணில் இறங்கியபோது நீ என்னைவிடச் சத்தமாக அழுதாய், மஞ்சளை அப்பிக்கொண்டே திட்டினாய், திட்டிக்கொண்டே முத்தம் கொடுத்தாய். மறுநாள் டேட்டாபேஸ் இல்லை. ஒரு பதிவு, ஒரு ஃபைல்.

எந்த மொழியில் எழுதுவது என்பதிலும் சண்டைதான். கம்பெனியில் பழகிய பிஹெச்பி உனக்குச் சுலபம். எனக்கு அந்த அடைப்புக்குறிகளும் டாலர் குறிகளும் முள் மீன் தின்பது போல. நீ சொல்லிக்கொடுத்ததில் பைத்தானைத்தான் என்னால் எழுத்துக்கூட்டிப் படிக்க முடிந்தது. "எனக்குப் படிக்க வராததில் நீ எழுதினால், நாளைக்கு நீ இல்லை என்றால் யார் பார்ப்பது?" என்று அனுப்பினேன். ஊர் மாற்றிக்கொண்டு போய்விட்டால் என்ற அர்த்தத்தில்தான் அனுப்பினேன், அண்ணி. நீ சுவருக்கு அந்தப் பக்கம் லேப்டாப்பை டப்பென்று மூடினாய். பிறகு, "சரி, பாம்புலயே எழுதித் தொலைக்கறேன்" என்றாய்.

பதிவு செய்கிறவரின் பெயர் வேண்டாம், போன் நம்பர் வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம் என்பதில் மட்டும் நமக்குள் சண்டை வரவில்லை. மணிக்கட்டு உடைந்த அம்மாவை இரண்டு பேருமே பார்த்திருந்தோம். ஆனால் நீ ஒரு கட்டம் வைத்தாய். அதை நிரப்பாமல் எழுத்து வெளியே போகாது.

"எழுதறது ஆருனு வேணாம். எந்தப் பாட்டுலேர்ந்து, எந்த நாளுனு வேணும். இல்லாட்டி மெட்ராஸ்ல ஏசில உக்காந்துக்கினு எவனாவது நம்ம ஏரியப் பத்தி அளப்பான்."

பாடு என்றால் என்ன என்று உன் தோழி கேட்டாள். ஸ்பீக்கரில் போட்டு நீ விளக்கியது எனக்கு இன்னும் கேட்கிறது. "ஏரில வல போடற எடம்மா. ஒவ்வொரு எடத்துக்கும் ஒரு பேரு. நெனச்சவன் நெனச்ச எடத்துல போட முடியாது. ஊர்ல சீட்டுக் குலுக்கி மொற வைப்பாங்க, இன்னிக்கு இந்தப் பாடு இவனுக்கு, நாளைக்கு அவனுக்குனு. வடக்குப் பாடு மட்டும் எங்க ரெண்டு ஊருக்கும் பொது, மாத்தி மாத்தி." தோழிக்கு அது மிகவும் பிடித்துப்போனது. எவ்வளவு அழகான யோசனை, இடத்தால் ஓர் அடையாளம், ஆனால் ஆளுக்குப் பெயரில்லை என்றாள்.

பாட்டையும் நாளையும் சேர்த்தால் ஆளின் பெயர் வந்துவிடும். உன் தோழிக்கு வராது, அவளை மன்னித்துவிடலாம். ஏரியில் பிறந்த நமக்கு அது தூக்கத்தில் கேட்டாலும் வரும். இன்றைக்கு எந்தப் பாட்டில் யார் என்று தெரியாமல் எந்த வீட்டில் உலை வைத்திருக்கிறார்கள்? அவ்வளவு தெரிந்த விஷயம் என்பதால்தான், அது தெரியக்கூடாத விஷயம் என்று நமக்கு உறைக்கவில்லை. மூச்சு விடுவதை யாராவது ரகசியம் என்று நினைப்பார்களா?

முகத்துவாரம் என்று பெயர் வைத்தது நீ. ஏரியும் கடலும் சேர்கிற இடம், மணல் மூடினால் ஊரே செத்துப்போகும், அதனால் திறந்தே இருக்க வேண்டும் என்றாய். வெளியிட்ட வாரம் ஊரே அதில்தான் கிடந்தது. நண்டு விலை வந்தது. ஒருவர் தன் மருமகனை நாய் என்று தலைப்புப் போட்டு நீளமாக எழுதினார். இன்னொருவர் லைட்ஹவுஸ் குப்பத்தில் எந்த வீட்டுக் கருவாட்டில் மணல் இருக்கும் என்று எழுத, அதற்கு வந்த பதில்களைப் படித்து நீ தரையில் உருண்டு சிரித்தாய். விருப்பக்குறியும் கிடையாது, யார் பிரபலம் என்பதும் கிடையாது. பாட்டு முறை மாறுவது போலவே முதல் பக்கத்தில் ஒவ்வொரு பாட்டின் பதிவும் முறை வைத்து மேலே வரும். அதற்குள் எதிர்க்கரையிலிருந்தும் எழுத ஆரம்பித்திருந்தார்கள்.

பிறகு அந்த வியாழக்கிழமை வந்தது.

வடக்குப் பாட்டில் அன்று எங்கள் ஊர் முறை. எங்கள் ஊரில் அண்ணன் முறை. வலையைப் போட்டுவிட்டுப் படகில் சாய்ந்திருந்தவன், விடியும் நேரத்தில் தண்ணீர்ச் சத்தம் கேட்டு எழுந்தான். சேகர் இடுப்பளவு தண்ணீரில் நின்று எங்கள் வலையைக் கத்தியால் கிழித்துக்கொண்டிருந்தான். ஏரியில் மற்ற இடமெல்லாம் மணல் ஏறிவிட்டது. எறா நன்றாக விழுகிற ஒரே பாடு அது. எதிர்க்கரைக்காரர்கள் வலையை அறுத்தார்கள் என்று ஊரைக் கிளப்பி, அடித்துத் துரத்திவிட்டால் பாடு முழுதும் நமக்கு. இது அவன் கணக்கு. கத்தியைத் துடைத்துக்கொண்டே சேகர் என்ன சொன்னான் என்பதை அண்ணன் அன்று நம் இரண்டு பேரிடம் மட்டும் சொன்னான்.

"எதிர்க்கர ஆளுங்கதான் அறுத்தானுங்கனு சொல்லு. மாத்திச் சொன்ன, பொண்டாட்டி ஊருக்காக நீயே கூட நின்னு அறுத்தனு நான் சொல்லுவேன். எதுனா நீயே முடிவு பண்ணிக்கோ."

எதிர்க்கரைதான் அறுத்தது என்று சேகர் ஊரைக் கிளப்பிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டம். தலைக்கட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும் என்று தலைவர் சொன்னார், அதாவது வீட்டுக்கு ஓர் ஆண், கையில் ஆயுதத்தோடு. கோயில் முன்னால் கோல்களையும் மீன்குத்தும் ஈட்டிகளையும் சாய்த்து வைத்திருந்தார்கள். பாட்டில்களில் பெட்ரோல் ஊற்றித் துணித்திரி செருகிக்கொண்டிருந்தார்கள். இவர்கள் கொல்லப் போவது உன் தம்பியை, உன் சித்தப்பாவை. நீ வீட்டுக்குள் கூண்டுப்புலி மாதிரி நடந்துகொண்டிருந்தாய்.

அண்ணன் கொல்லைப்பக்கம் போய் உட்கார்ந்து போனில் எழுதினான். வாழ்க்கையில் அவன் எழுதிய ஒரே பதிவு. "வலையை எதிர்க்கரை அறுக்கவில்லை. நம்ம ஊர் ஆளே அறுத்தான். நான் பார்த்தேன். சண்டைக்குப் போகாதீங்க." அனுப்பப் பார்த்தான். கட்டம் சிவப்பாக மாறிக் கேட்டது, எந்தப் பாடு, எந்த நாள். பொய் எழுதத் தெரியாதவன். வடக்குப் பாடு, வியாழன் என்று போட்டான்.

கோயில் முன்னால் யாரோ அதைச் சத்தமாகப் படித்தார்கள். படித்து முடித்ததும் தலைவர் கேட்டார், "வியாழக்கெழம வடக்குப் பாடு ஆருது?" எல்லாத் தலையும் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பியது.

தெருவில் அவர்கள் வரும் சத்தம் கேட்டது. அதற்குள் நீ உன் போனில் பதிவைப் படித்துவிட்டிருந்தாய். உன் முகம் அப்படி ஆனதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. ஒரே நொடியில் உனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. வெளியே போக எழுந்த அண்ணனின் சட்டையைப் பிடித்து உள்ளறையில் தள்ளி வெளியே தாழ் போட்டாய். அவன் உள்ளிருந்து கதவை உதைத்தான். வாசலில் நின்ற நைனாவை யாரோ கோலால் அடித்துச் சாய்த்தார்கள். அவர் அப்படியே நினைவு தப்பி விழுந்தார். அவரைத் தாண்டி நீ போனாய்.

"அவருக்கு எழுதவே வராது. நான்தான் எழுதனேன்" என்றாய்.

"வியாழக்கெழம நீ இன்னா பாட்டுலயா இருந்த?" என்று சேகர் சிரித்தான்.

"இருந்தேன். அவர் கூடப் படகுலதான் இருந்தேன். நீ லுங்கியத் தூக்கிக் கட்டிக்கினு தண்ணில நின்னு அறுத்தியே, பார்த்தேன். கை நடுங்கிச்சே உனக்கு."

பொய் என்று எனக்குத் தெரியும். நீ அன்று வீட்டில் தூங்கினாய். ஆனால் கூட்டம் அப்படியே கொந்தளித்தது. பெண்பிள்ளை பாட்டில் கால் வைத்தாளா? எங்கள் படகில் ஏறினாளா? அதனால்தான் எறா விழவில்லை, அதனால்தான் ஊர் இப்படிப் போனது என்று பின்னால் நின்ற கிழடுகள்கூடக் கத்தின. வலையை யார் அறுத்தது என்பதை எல்லோரும் மறந்துபோனார்கள். உனக்கு அது தெரிந்திருந்தது. அதற்காகத்தான் அதைச் சொன்னாய். இனி யாரும் உள்ளறைப் பக்கம் போக மாட்டார்கள்.

முதலில் அறைந்தவனை நீ கடித்தாய். அவன் கையில் சதை தனியாகத் தொங்கியது. இன்னொருவன் உன் முடியைப் பிடித்தபோது வாசல் அடுப்பிலிருந்த தோசைக்கல்லை எடுத்து அவன் முழங்காலில் இறக்கினாய். அவன் அலறி விழுந்தான். அதுவரை நீ ஜெயித்துக்கொண்டிருந்தாய், அண்ணி. சேகர் பின்னால் வந்தான். அவன் படகின் சின்ன நங்கூரம் கையில். நான்கு கொக்கி வைத்த இரும்பு. சிவப்புப் பெயின்ட் அடித்தது. ஒரு தடவை தலையில். நீ மண்டியிட்டாய். இன்னொரு தடவை. அம்மா உன் மேல் குப்புற விழுந்து மூடிக்கொண்டாள். மூன்றாவது அடி அவள் கையை முறித்தது. தண்ணீர் டிரம்முக்குப் பின்னாலிருந்து நான் பார்த்தேன். என் வாயிலிருந்து காற்று மட்டும் வந்தது.

ஆட்டோவில் உன் தலை என் மடியில் இருந்தது. என் பாவாடை கனத்துப் போனது. பொன்னேரி போகும் வழியில் நீ கண்ணைத் திறந்தாய். அண்ணன் எப்படி இருக்கிறான் என்று கேட்பாய் என நினைத்தேன்.

"அந்தப் பாட்டுக் கட்டத்த எடுத்துடுடி" என்றாய். அவ்வளவுதான்.

நாங்கள் போய்ச் சேர்வதற்குள் நீ போய்விட்டாய். செய்தி ஏரி தாண்டியது. பகலிலேயே உன் ஊர்ப் படகுகள் வரிசையாக வந்தன. எங்கள் கரையில் நின்ற படகுகளை ஒவ்வொன்றாகக் கொளுத்தினார்கள். இரண்டு பக்கமும் மண்டை உடைந்தது. ஒருவருக்கு ஈட்டி தொடையில் புகுந்து மறுபக்கம் வந்தது. போலீஸ் வந்து கரையில் கூடாரம் போட்டது.

போலீஸ் ஊரில் எல்லோரையும் கேட்டது. கூட்டம், தள்ளுமுள்ளு, யார் அடித்தது என்று தெரியாது. வீட்டுக்கு வீடு அதே பதில், ஒரே வாயால் சொன்னது போல. சேகர் அன்று பொன்னேரியில் இருந்தான் என்று சொல்வதற்கு ஆட்கள் வந்தார்கள். அண்ணன் தாழ்ப்பாளுக்குப் பின்னால் இருந்தான். நைனாவுக்கு நினைவில்லை. அம்மா முகத்தை உன் முதுகில் புதைத்திருந்தாள். பார்த்ததாகச் சொன்னது நான் ஒருத்திதான். ஸ்டேஷனில் சொன்னேன். "சத்தமா சொல்லும்மா" என்றார் ஏட்டு. மறுபடி சொன்னேன். மூன்றாம் தடவை பேனாவை வாங்கி எழுதிக்கொடுத்தேன். வீட்டு ஆள் அப்படித்தான் சொல்லும், வெளி ஆள் ஒருத்தராவது வேண்டும் என்றார்கள். சேகர் கரையில் நடமாடிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தால் தொண்டையைக் காறித் துப்புவான்.

அப்போதுதான் லேப்டாப்பைத் திறந்தேன். உன் மேல் எனக்கு அவ்வளவு கோபம். கட்டத்தைக் கட்டாயமாக்கிய அந்த வரியைத் தேடிப் பிடித்து, திரையை உடைத்துவிடலாமா என்று பார்த்தேன். எந்த வரியை யார் எழுதியது என்று காட்டும் குறிப்பில், அந்த வரிக்குப் பக்கத்தில் உன் பெயர் இருந்தது. என்ன யோசித்தாய், அண்ணி? ஏன் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, யாரையாவது கேட்கவில்லை? நானும் அங்கேதானே உட்கார்ந்து வயரைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன் என்று பிறகு நினைவு வந்தது. கோபம் போகவில்லை. அதை வைத்துக்கொண்டுதான் வேலை செய்தேன்.

பாட்டை எடுத்தேன். நாளை எடுத்தேன். நேரத்தை எடுத்தேன். எந்தப் போன், எங்கிருந்து என்று சர்வர் தானாக எழுதி வைக்கிற குறிப்பையும் நிறுத்தினேன். அப்புறமும் ஓட்டை இருந்தது. எழுதியது உடனே வெளியே வந்தால், அந்த நேரத்தில் யார் கையில் போன் இருந்தது என்று பார்த்துவிடுவார்கள். எங்கள் ஊரில் பார்ப்பார்கள். ஆகவே சீட்டுக் குலுக்கலை உள்ளே வைத்தேன். வருகிற பதிவுகள் சேரும் வரை காத்திருக்கும். போதுமான அளவு சேர்ந்ததும் குலுக்கி, முன்னது பின்னது தெரியாமல் ஒன்றாக வெளியே கொட்டும். அதற்கு முன் எதுவும் வெளியே வராது, என் கண்ணுக்கும் படாது. ஏரியில் எவனுக்கு எந்த இடம் என்பதைக் குலுக்கல் முடிவு செய்தால் ஊரே கட்டுப்படும். இதற்கும் கட்டுப்படட்டும் என்று நினைத்தேன்.

உன் தோழி உதவினாள். வாடகை சர்வரில் ஏற்றியதும், புரோகிராம் கோடை உலகத்துக்குத் திறந்து வைத்ததும் அவள் வழிகாட்டி நான் செய்தது. எடுத்துக்கொள், மாற்றிக்கொள், ஆனால் மாற்றியதை நீயும் திறந்து வை என்று உரிமத்தில் போட்டோம். யார் எந்த வரியை மாற்றியது என்ற பழைய வரலாற்றை அழித்துவிட்டுச் சுத்தமாகப் போடலாமே என்று அவள் கேட்டாள். வேண்டாம் என்றேன். அந்தக் கட்டத்தை வைத்தது உன் பெயரில் இருக்கிறது. எடுத்தது என் பெயரில் இருக்கிறது. இரண்டும் கிடக்கட்டும். முதல் பக்கக் குறிப்பில் தமிழில் இப்படி எழுதினேன்: "இதை உங்கள் ஊரில் வைக்கிறவர்கள், உங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது எது என்று முதலில் யோசியுங்கள். அதை யாரிடமும் கேட்காதீர்கள்."

வெளியிட்ட பிறகு முதல் குலுக்கல் வர நாளானது. வந்ததில் நண்டு விலை இருந்தது, மருமகன் திட்டு இருந்தது, அவற்றுக்கு நடுவில் ஒன்று இருந்தது. "அந்தப் பொண்ணை அடிச்சது சேகர். நங்கூரத்தால அடிச்சான். அத ஐஸ் கொட்டகைக்குப் பின்னால இருக்கிற பாழுங்கிணத்துல போட்டான். சிவப்புப் பெயின்ட்." அடுத்த குலுக்கலில் இன்னொன்று, "அவன் அன்னிக்குப் பொன்னேரி போகல. நானும் பார்த்தேன்." அதற்கும் அடுத்த குலுக்கலில், "நானும்."

மூன்றையும் திரும்பத் திரும்பப் படித்தேன்.

முந்தாநாள் மத்தியானம் அவர்கள் வந்தார்கள். தலைவர், சேகர், கூட ஆட்கள். அம்மாவை நகர்த்திவிட்டு சேகர் என் முடியைப் பிடித்து வாசலுக்கு இழுத்தான்.

"ஆருடி எழுதனது?"

"தெரியாது."

அறைந்தான். உதடு பல்லில் கிழிந்தது. மறுபடி கேட்டான். தெரியாது என்றேன். எத்தனை பேர் என்று கேட்டான். அதுவும் தெரியாது என்றேன். மூன்று பேராக இருக்கலாம், ஒரே ஆளாகவும் இருக்கலாம். வயிற்றில் உதைத்தான். தரையில் கிடந்தபடி சொன்னேன், என் வாழ்க்கையிலேயே நான் பேசிய பெரிய பேச்சு அதுதான்.

"கோடு தெறந்துதான் கெடக்குது. படிச்ச ஆள இட்டுக்கினு வந்து பாருங்க. எங்கனா பேரு எழுதி வைக்குதானு பாருங்க."

தலைவருக்கு மச்சான் மகன் ஒருவன், இன்ஜினியர், காட்டுப்பள்ளியில் வேலை. அவனை வரவழைத்தார்கள். அவன் என் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்து, தன் லேப்டாப்பில் ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து படித்தான். எல்லோரும் அவனைச் சுற்றி நின்றார்கள். வெயில் நகர்ந்தது. என் வாயிலிருந்து ரத்தம் மண்ணில் சொட்டியது. கடைசியில் அவன் நிமிர்ந்தான்.

"இல்ல மாமா. இதுல எழுதி வைக்கற எடமே கெடையாது."

"அவளுக்குத் தெரியாதுன்றியா?"

"அவளுக்கும் தெரியாது. ஆருக்கும் தெரியாது. அப்படித்தான் கட்டியிருக்காங்க."

சேகர் உள்ளே போய் உன் லேப்டாப்பை எடுத்து வந்து வாசல் கல்லில் அடித்தான். மறுபடி மறுபடி அடித்தான். மூடி தனியாகப் பறந்தது. இன்ஜினியர் பையன் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"மாமா, அத ஒடச்சா நிக்காது. அது இங்க இல்ல. வேற எவனோ காப்பி எடுத்து அவன் ஊர்லயும் வச்சிட்டான், பார்த்தேன்."

சேகர் கை அப்படியே நின்றது. சுற்றி நின்றவர்களை ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தான். தன் கூட வந்த ஆட்களையும் பார்த்தான். தன் அப்பாவையும் பார்த்தான். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும், அண்ணி. டிரம்முக்குப் பின்னால் நான் உட்கார்ந்திருந்தபோது என் கண்ணில் அதுதான் இருந்திருக்கும்.

அந்தப் பதிவு போலீசுக்கும் எட்டியிருக்கிறது, இன்று காலை அந்தப் பாழுங்கிணற்றுக்கு மோட்டார் கொண்டுவந்தார்கள். தண்ணீரை இறைத்துக்கொண்டிருக்கிறார்கள். பார்க்கப் போன அண்ணன் இன்னும் வரவில்லை. உள்ளே என்ன கிடைக்கும், கிடைத்தால் என்ன ஆகும், எனக்குத் தெரியாது. நீ சிந்திய ரத்தத்துக்கு அது சமமாகாது என்பது மட்டும் தெரியும்.

உதடு வீங்கியிருக்கிறது. பேசினால் வலிக்கிறது, அதனால் எனக்குப் பெரிய நஷ்டம் இல்லை. ஆனால் ஒன்று மாறியிருக்கிறது. இத்தனை வருஷமும் தெருவில் தரையைப் பார்த்துத்தான் நடப்பேன். இன்று தண்ணீர் பிடிக்கப் போகும்போது எதிரே வருகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்தேன். அந்த மீன்காரம்மாவை, கத்திய கிழவர்களை, சேகரின் பெண்டாட்டியை, முழங்கால் உடைந்து நொண்டுகிறவனைக்கூட. யாரோ ஒருவர் அவர்களில் உன் பக்கம் நின்றிருக்கிறார். யார் என்று எனக்குத் தெரியாது, எப்போதும் தெரியப்போவதில்லை. அதனால் ஒருவர் முகத்தையும் விட முடியவில்லை.